பன்சோடான் நடைபாதையில வாங்குன அட்டையில்லாத அமெரிக்க வரலாறு: கடை எப்படி, புத்தகம் எப்படி

பொண்ணு ஜிஇடி எழுதப் போறா, அமெரிக்க ஹைஸ்கூல் படிப்புக்கு ஈடான பரிட்சை அது. ரங்கூன்ல இப்ப பாதி வீட்டுல இதே பேச்சுதான், யாரப் பாத்தாலும் பிள்ளை ஜிஇடி முடிச்சிருச்சா எத்தனை மார்க்குன்னுதான் கேக்குறாங்க. மொத்தம் நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 145 எடுத்தா பாஸ். கணக்கும் சயின்ஸும் அவளே பாத்துக்குவா, சோசியல் ஸ்டடீஸ்லதான் மாட்டிக்கிட்டா, ஏன்னா அதுல பாதி அமெரிக்க அரசாங்கம் எப்படி நடக்குதுங்கிற கேள்விதான். ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லாத நேரம், சார்ஜ் லைட்டை வச்சுக்கிட்டு "அப்பா, ஜனாதிபதிய ஜனங்க நேரா ஓட்டுப் போட்டு எடுக்கலையாமே, எலெக்டர்னு நடுவுல யாரோ இருக்காங்களாம், அவங்க யாரு, ஏன் அப்படி வச்சாங்க?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. நான் பயின்னவுங் மொத்த மார்க்கெட்டுல உளுந்து துவரை ஏவாரம் பண்ற ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன், எனக்கு எப்படித் தெரியும். சரி, புத்தகம் பாப்போம்னு அடுத்த ஞாயித்துக்கிழமை பழைய புத்தகக் கடைங்க இருக்கிற பன்சோடான் தெருவுக்குக் கெளம்பிப் போனேன். அந்தக் கடையையும் அங்க வாங்குன புத்தகத்தையும் பத்தித்தான் எழுதுறேன், பிள்ளைங்கள படிக்க வைக்கிற நம்ம ஆளுங்களுக்கு உதவும்.

முதல்ல கடை. பேர்ப் பலகை கிடையாது. மகாபந்தூலா ரோட்டுல இருந்து ஆத்துப் பக்கம் எறங்கி நடந்தீங்கன்னா, பழைய வெள்ளக்காரன் காலத்துக் கட்டடத்தோட பால்கனிக்குக் கீழ தார்ப்பாய் கட்டி, மரப்பெட்டிய கவுத்துப் போட்டு மேல புத்தகம் அடுக்கியிருப்பாங்க, அந்த வரிசையில உள்ள கடைதான். கடைக்காரர் எழுபது வயசு இருக்கும் பர்மாக்காரர், எல்லாரும் ஊலேன்னு, அதாவது மாமான்னு, கூப்புடுறாங்க, நானும் அப்படித்தான். என்ன வேணும்னு சொன்னா உடனே எடுத்துத் தர மாட்டார். "எதுக்கு? யாரு படிக்க? எத்தனை வயசு?"ன்னு மூணு கேள்வி கேப்பார், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பார், அப்புறம் எந்திரிச்சுப் போயி ஏதோ ஒரு அடுக்குக்கு அடியில இருந்து உருவுவார். எனக்கு அப்படித்தான் வந்துச்சு இந்தப் புத்தகம், அட்டை இல்ல, முதல் எட்டுப் பக்கமும் இல்ல, அதனால பேரு என்ன, யாரு எழுதினாங்க, எந்த வருஷம் அச்சடிச்சது எதுவும் தெரியாது. அறுநூறு பக்கத்துக்கு மேல. இங்கிலீஷ். 1787ல அரசியல் சட்டம் எழுத உக்காந்ததுல ஆரம்பிச்சு 1815 வரைக்கும் போகுது. விலை 9,000 கியாட், பேரம் பேசல, பேசினாலும் குறைக்க மாட்டார்.

கட்டிங் பைண்டிங் பத்தி கண்டிப்பா சொல்லணும். இப்படி நூல் நூலாத் தொங்குற புத்தகத்த எப்படிக் குடுக்கிறதுன்னு அவரே சங்கடப்பட்டு, 4,000 குடுத்தா கட்டித் தரேன்னார். நான் பக்கத்து டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பழைய பசைய கத்தி முனையில சொரண்டி எடுத்தார், கசங்குன ஓரத்தையெல்லாம் விரல் நகத்தால நீவினார், முதுகுல ரம்பத்தால நாலு கோடு கீறி, மெழுகு தடவுன நூல அந்தக் கீறல்ல விட்டு இழுத்து இழுத்துக் கட்டினார். அப்புறம் மைதாப் பசை, காடாத்துணி, அதுக்கு மேல பழைய காலண்டர் அட்டை. ஒரு மணி நேரம் ஆச்சு. இப்ப புத்தகத்த எந்தப் பக்கத்துல விரிச்சாலும் அப்படியே படுத்து நிக்குது, மூடிக்க மாட்டேங்குது. புதுப் புத்தகத்துல கூட இந்த வேலைய நான் பாத்ததில்ல.

இப்ப புத்தகத்துக்கு வர்றேன். ஆரம்பம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும். பிலடெல்பியாவுல 55 பேரு கூடினது, வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஜன்னலச் சாத்திக்கிட்டு வெயில் காலம் பூரா பேசினது, கடைசியில 39 பேரு கையெழுத்துப் போட்டது, ரோட் ஐலண்டுல இருந்து ஒருத்தருமே வராதது, இதெல்லாம் நூறு பக்கத்துக்கு மேல இழுத்திருக்காங்க. பரிட்சைக்கு வேணும், ஆனா தூக்கம் வருது. 1789 ஏப்ரல் 30 நியூயார்க்ல வாஷிங்டன் பதவியேத்த பிறகுதான் சூடு பிடிக்குது. அப்ப அவங்களுக்கு எதுவுமே இல்லைங்க. ஜனாதிபதிய என்னன்னு கூப்புடுறதுன்னே தெரியல. துணை ஜனாதிபதி ஆடம்ஸுக்கு ராஜாவைக் கூப்புடுற மாதிரி பெரிய பட்டம் வைக்கணும்னு ஆசை, செனட்ல அதுக்குன்னு ஒரு கமிட்டியே போட்டு உட்காந்து பட்டம் யோசிச்சிருக்காங்க, கீழ்ச்சபை முடியவே முடியாதுன்னு நின்னுச்சு, அப்புறம்தான் வெறும் மிஸ்டர் பிரசிடென்ட்னு ஆச்சு. கூப்புடுற மொறையிலதான் மரியாதையே இருக்குன்னு நெனக்கிற சனம் நம்ம, கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னாடி என்ன போடுறதுன்னு சண்டை போட்டு மூஞ்சி திருப்பிக்கிட்ட சொந்தக்காரங்க எனக்கு இருக்காங்க, அதனால இந்த எடம் எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு.

புத்தகத்தோட உயிர் இருக்கிறது கடன் பத்தின அத்தியாயத்துல. நான் கணக்கு எழுதுறவன்கிறதால சொல்றேன்னு நெனக்காதீங்க, படிச்சுப் பாருங்க. சுதந்திரப் போர் நடந்தப்ப அவங்க கையில காசு கிடையாது. சிப்பாய்க்குச் சம்பளம், குதிரைக்குத் தீவனம், எல்லாத்துக்கும் சீட்டுதான் எழுதிக் குடுத்தாங்க. போர் முடிஞ்சு வருஷக் கணக்கா அந்தச் சீட்டுக்குப் பணம் வரல. வீட்டுல அடுப்பெரியணுமில்ல, பாவம் அந்தச் சிப்பாய்ங்க எழுதியிருந்த தொகையில கால்வாசிக்கும் குறைச்சலா ஏவாரிங்க கையில வித்துட்டுப் போயிட்டாங்க. 1790 ஜனவரியில கஜானா மந்திரி ஹாமில்டன் ஒரு அறிக்கை வச்சார். வெளிநாட்டுக் கடன், உள்நாட்டுக் கடன், மாநிலங்க தனித்தனியா வாங்குன கடன், எல்லாத்தையும் மத்திய அரசாங்கமே தலையில ஏத்துக்கணும், இன்னைக்குச் சீட்டு யாரு கையில இருக்கோ அவனுக்கே எழுதுன தொகைக்கு ஈடு குடுக்கணும்ங்கிறார். கீழ்ச்சபையில வர்ஜீனியா உறுப்பினரா இருந்த மேடிசன் ஒத்துக்கல. ரத்தம் சிந்துனவன் ஒருத்தன், லாபம் அள்ளுறவன் இன்னொருத்தனா, மொதல்ல வாங்குனவனுக்கும் ஒரு பங்கு குடுங்கன்னார். ஓட்டுக்கு விட்டாங்க, மேடிசன் பக்கம் 13, எதிரா 36, தோத்துட்டார்.

நான் இதப் படிச்சுட்டு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். எங்க தொழில்ல கிட்டங்கி சீட்டுன்னு ஒண்ணு இருக்கு, உளுந்து மூட்டைய கிட்டங்கியில எறக்கிட்டு வாங்குற சீட்டு. அத யாரு கொண்டாந்து நீட்டுறாங்களோ அவங்களுக்குத்தான் மூட்டை, யாருகிட்ட வாங்குன என்ன வெலைக்கு வாங்குனன்னு கிட்டங்கிக்காரன் கேக்க ஆரம்பிச்சான்னா மறுநாள் ஒருத்தன் கூட அந்தச் சீட்டத் தொட மாட்டான். அந்தக் கணக்குல பாத்தா ஹாமில்டன் சொன்னது சரி. ஆனா மேடிசன் சொன்னதையும் தள்ள முடியல, வயித்துப் பசியில வித்தவன் விருப்பப்பட்டா வித்தான்? நான் கடைசியில ஹாமில்டன் பக்கம்தான் நிக்கிறேன், ஏன்னு சொல்றேன்.

எங்கப்பாகிட்ட ஒரு பிஸ்கட் டின் இருந்துச்சு, அது இப்ப என்கிட்ட இருக்கு. அதுக்குள்ள 75 கியாட் நோட்டு ஒரு சின்னக் கட்டு, 35 கியாட் நோட்டு கொஞ்சம். 1987 செப்டம்பர்ல 25, 35, 75 நோட்டு செல்லாதுன்னு ஒரே நாள்ல அறிவிச்சாங்க, மாத்தித் தரவும் இல்ல. அதுக்கு முன்னாடி 1964லயும் 50, 100 நோட்டு செல்லாமப் போச்சு, அப்ப தாத்தா காலம். அதுல இருந்து எங்க வீட்டுல காகிதத்த யாரும் நம்புறதில்ல, நாலு காசு சேந்தா உடனே அரைப் பவுன், கால் பவுன்னு தங்கமா மாத்திருவாங்க. அந்த நோட்ட எடுத்து விரிச்சா இன்னும் முறுமுறுன்னு புதுசாத்தான் இருக்கு, ஒரு கிழிசல் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். அரசாங்கம் எழுதுன காகிதத்துக்கு அரசாங்கமே நிக்கலைன்னா என்ன ஆகும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ஹாமில்டன் அன்னைக்குச் சீட்டு கையில இருந்தவனுக்கெல்லாம் ஈடு கட்டுனதாலதான் அந்த நாட்டோட கடன் பத்திரத்த ஐரோப்பாவுல காசு குடுத்து வாங்குனான்.

மாநிலக் கடன ஏத்துக்கிற மசோதா மட்டும் ஏப்ரல்ல 31க்கு 29ன்னு ரெண்டே ஓட்டுல தோத்துருச்சு. வர்ஜீனியா மாதிரி கடன ஏற்கெனவே பெரும்பாலும் அடைச்சுட்ட மாநிலம், அடுத்தவன் கடனுக்கு நான் ஏன் வரி கட்டணும்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி. அப்புறம் ஜூன்ல வெளியுறவு மந்திரி ஜெபர்சன் வீட்டுல ஒரு ராத்திரி சாப்பாடு, ஹாமில்டன், மேடிசன், ஜெபர்சன் மூணு பேரும். கடன் மசோதா நிறைவேற மேடிசன் வழிவிடணும், அதுக்குப் பதிலா தலைநகரம் தெக்க பொட்டோமேக் ஆத்தங்கரைக்கு வரணும். பத்து வருஷம் பிலடெல்பியாவுல தற்காலிகமா இருந்துட்டு 1800ல வாஷிங்டனுக்குப் போனது இப்படித்தான். இந்த உடன்பாட்டுக்குத் துணை போனதுக்கு ஜெபர்சன் பின்னால ரொம்ப வருத்தப்பட்டார். தேசிய பேங்க் ஒண்ணு ஆரம்பிக்கிற விஷயத்துல ஜெபர்சனும் ஹாமில்டனும் வெளிப்படையாவே மோதிக்கிட்டாங்க, சட்டத்துல பேங்க்னு ஒரு வார்த்தை இருக்கான்னு ஜெபர்சன், வேலைய முடிக்கத் தேவையான வழியெல்லாம் அதுக்குள்ள அடக்கம்னு ஹாமில்டன், வாஷிங்டன் ரெண்டு பேருகிட்டயும் எழுதி வாங்கிப் படிச்சுட்டு 1791ல ஹாமில்டன் பக்கம் கையெழுத்துப் போட்டார். ரெண்டு கட்சி பொறந்தது இந்தச் சண்டையிலதான். சட்டம் எழுதுனவங்க கட்சியே வரக்கூடாதுன்னு நெனச்சாங்க, நாலஞ்சு வருஷத்துல வந்துருச்சு.

சாராய வரிக் கலகம் பத்தி சுருக்கமாத்தான் இருக்கு ஆனா நல்லாருக்கு. மலைக்கு மேக்க இருக்கிற விவசாயி சோளத்தையும் ரைங்கிற தானியத்தையும் மூட்டையாக் கட்டி மலை தாண்டி கொண்டு போக முடியாது, கூலி கட்டாது, அதனால காய்ச்சி விஸ்கியாக்கிப் பீப்பாயில ஏத்துவான். அந்த விஸ்கி மேல வரி போட்டா அவனுக்கு விளைச்சல் மேலயே வரி போட்ட மாதிரி. 1794ல பென்சில்வேனியா மேக்குப் பக்கம் கிளர்ந்துட்டாங்க, வாஷிங்டன் பன்னெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்கள தெரட்டிக்கிட்டு அவரே கொஞ்ச தூரம் கூடப் போனார், படை போய்ச் சேர்றதுக்குள்ள கலகம் கலைஞ்சிருச்சு. ராஜதுரோகம்னு ரெண்டு பேருக்குத்தான் தீர்ப்பாச்சு, அந்த ரெண்டு பேரையும் மன்னிச்சு விட்டுட்டார்.

பொண்ணோட கேள்விக்கு விடை 1800 தேர்தல் அத்தியாயத்துல இருக்கு. ஜனங்க நேரா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடல, மாநிலத்துக்கு இத்தனைன்னு எலெக்டருங்க, அவங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஓட்டு. கூட வாங்குனவர் ஜனாதிபதி, அடுத்தவர் துணை. 1796ல ஆடம்ஸ் 71, ஜெபர்சன் 68, எதிர்க்கட்சிக்காரரே துணை ஜனாதிபதியா பக்கத்துல உக்காந்தார். கோயில் கமிட்டித் தேர்தல்ல தோத்தவரையே உபதலைவராப் போட்டா எப்படி இருக்கும்னு பொண்ணுகிட்ட கேட்டேன், உடனே பிடிச்சுக்கிட்டா. 1800ல இன்னும் மோசம், ஜெபர்சனுக்கு 73, அவர் கட்சியிலயே துணைக்கு நின்ன ஆரோன் பர்ருக்கும் 73. பர் ஒதுங்க மாட்டேன்னுட்டார். கீழ்ச்சபைக்குப் போச்சு, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16 மாநிலத்துல 9 வேணும், ஜெபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, ரெண்டு மாநிலம் உள்ளுக்குள்ளயே ஒப்பாம நின்னுச்சு. மறுபடி மறுபடி போட்டாங்க, 35 தடவை அசையல. 1801 பிப்ரவரி 17, முப்பத்தாறாவது தடவை ஜெபர்சனுக்கு 10 கிடைச்சுது. எனக்கு முன்னாடி இந்தப் புத்தகத்த வச்சிருந்த யாரோ ஒருத்தர் அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல கோடு போட்டு எண்ணியிருக்கார், நாலு கோடு, குறுக்க ஒண்ணு, அப்படி ஏழு கட்டு, கடைசியில தனியா ஒரே ஒரு கோடு, அத அழுத்திப் போட்டிருக்கார். அந்த ஒரு கோட்ட ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த முப்பத்தாறாவது ஓட்டுல வெர்மான்ட் மாநிலத்துக்காகப் போட்டவர் மாத்யூ லயன். இவரு கதை தனி. 1798ல ஆடம்ஸ் ஆட்சியில அரசாங்கத்தையும் ஜனாதிபதியையும் கேவலமா எழுதுனா ஜெயில்னு சட்டம் கொண்டாந்தாங்க. ஆடம்ஸப் பத்தி எழுதுனதுக்காக இவருக்கு நாலு மாசம் ஜெயில், 1,000 டாலர் அபராதம். ஜெயில்ல இருக்கும்போதே தேர்தல்ல நின்னார், சனம் அவரையே ஜெயிக்க வச்சுது. அந்த மனுசன்தான் ரெண்டு வருஷம் கழிச்சு வெர்மான்ட் ஓட்ட ஜெபர்சனுக்குப் போட்டார். மார்ச் 4 ஜெபர்சன் பதவியேத்துக்கிட்டார், ஆடம்ஸ் அன்னைக்கு விடியுமுன்ன கோச்சு வண்டி ஏறி ஊருக்குப் போயிட்டார். விழாவுக்கு இருக்கல, கோவம் இருந்துச்சு, ஆனா போயிட்டார். தோத்த கட்சி ஜெயிச்ச கட்சிகிட்ட பட்டாளம் கிட்டாளம் இல்லாம சாவியக் குடுத்துட்டுப் போனது அந்த நாட்டுல அதுதான் மொதத் தடவை. இந்தப் பக்கத்த நான் சத்தமா வாசிச்சேன், வீட்டுல யாரும் எதுவும் பேசல. ரங்கூன்ல இருக்கிறவங்களுக்கு ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்தக் குழப்பம் திரும்ப வரக்கூடாதுன்னு 1804ல பன்னெண்டாவது திருத்தம், ஜனாதிபதிக்குத் தனி ஓட்டு துணைக்குத் தனி ஓட்டுன்னு பிரிச்சாங்க. பரிட்சையில இது வர வாய்ப்பிருக்கு, பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க.

இன்னொரு எடம், குடியுரிமைச் சட்டம். ரெண்டு பக்கம்தான், ஆனா எனக்கு அதுதான் நெஞ்சுல நிக்குது. 1790ல ரெண்டு வருஷம் குடியிருந்தா குடிமகன் ஆகலாம். 1795ல அது அஞ்சு வருஷம். 1798ல ஒரேயடியாப் பதினாலு, ஏன்னா புதுசா வந்தவங்க எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுறாங்கன்னு ஆளுங்கட்சிக்குப் பயம். ஜெபர்சன் வந்த பிறகு 1802ல திரும்ப அஞ்சு. இத்தனை மாறியும் ஒரு வார்த்தை மட்டும் மாறல, அடிமையா இல்லாத வெள்ளக்காரனுக்கு மட்டும்தான்கிறது. நம்ம தாத்தன் பாட்டன் கப்பலேறி வந்து மூணு நாலு தலைமுறை ஆச்சு, இன்னும் ஒரே குடும்பத்துல ஒருத்தர் கையில முழுக் குடிமகனுக்கான ரோஸ் கார்டு, ஒருத்தர் கையில இணைக் குடிமகனுக்கான நீலம், ஒருத்தர் கையில மனுப் போட்டுக் குடியுரிமை வாங்குனவருக்கான பச்சைன்னு இருக்கு. எத்தனை வருஷம் இருந்தா இந்த ஊர்க்காரன்னு ஒரு நம்பர எழுதுறவன் பேனாவுல எத்தனை பேரோட வாழ்க்கை தொங்குதுன்னு அந்த ரெண்டு பக்கத்த எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்கு.

குறை நிறைய இருக்கு. அடிமை முறை பத்தி பேசவேண்டிய எடத்துலயெல்லாம் அவசரமா ஓடுறாங்க. அடிமைங்கள அஞ்சுல மூணு பங்கா எண்ணி மாநிலத்துக்கு எலெக்டர் கணக்குப் போட்டாங்க, அந்தக் கணக்காலதான் தெக்கு மாநிலத்துக்கு ஓட்டு கூடுச்சு, ஜெபர்சனுக்கு அது கை குடுத்துச்சு, இது ஒரு தனி அத்தியாயத்துக்கான விஷயம், அரைப் பக்கத்துல முடிச்சுட்டாங்க. வாஷிங்டன் பிலடெல்பியாவுல இருந்தப்ப அவர் வீட்டுல இருந்து 1796ல தப்பிச்சுப் போன ஓனா ஜட்ஜ்ங்கிற அடிமைப் பொண்ணு பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு வேற எடத்துல படிச்சுத்தான் தெரியும். ஆறு மாசத்துக்கு மேல அங்க தங்குனா அடிமைங்களுக்கு விடுதலைன்னு பென்சில்வேனியாவுல சட்டம் இருந்ததால, ஆறு மாசம் ஆகிறதுக்குள்ள அவங்கள எல்லைக்கு வெளிய கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தவர் வாஷிங்டன். இதையும் சேத்துப் படிச்சாத்தான் அந்த மனுசரப் பத்தித் தெரிஞ்ச மாதிரி.

கடை மேலயும் ஒரு குறை. வீட்டுக்கு வந்து பாத்தா நடுவுல பதினாறு பக்கம் இல்ல, ஒரு முழுக்கட்டு அப்படியே காணோம். அதுவும் 1803 மார்பரி வழக்கு, சட்டசபை போட்ட சட்டத்த கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லலாம்னு நீதிபதி மார்ஷல் தீர்ப்பு எழுதுன எடம். ஜிஇடிக்கு இது இல்லாம முடியாது. தைச்சுக் கட்டுன மனுசன் எண்ணிப் பாத்திருக்க வேணாமா? அடுத்த வாரம் போயி சொன்னேன், ஊலே முகமே சுருங்கிருச்சு, வாதாடல, 2,000 திருப்பிக் குடுத்தார். அப்புறம் வந்த ரெண்டு பேர நிக்க வச்சுட்டு, பின்னால மூட்டையில கைய விட்டு அரை மணி நேரம் தேடினார், கிடைக்கல. மார்பரிய ஒரு வக்கீல் மாமாகிட்ட கேட்டு நோட்டுல எழுதி வச்சாச்சு.

பரிட்சைக்கு மட்டும்தான்னா இவ்வளவு பெரிய புத்தகம் வேணாம், சின்ன கைடே போதும். பிள்ளை கேள்வி கேக்குற பிள்ளைன்னா வாங்கிக் குடுங்க, நீங்களும் கூட உக்காந்து படிங்க. கடைக்குக் காலையில பத்து மணிக்கு மேல போங்க, மழைன்னா மூணு மணிக்கே தார்ப்பாயை இழுத்துக் கட்டிருவார். சில்லறையா கொண்டு போங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு பக்க எண்ண ஒவ்வொண்ணாப் பாத்துருங்க, அவர் கோவிச்சுக்க மாட்டார். நடுவுல பதினாறு பக்கம் பிஞ்சு தனியா கிடக்குற கட்டு ஏதாவது உங்க கண்ணுல பட்டா, 297ல ஆரம்பிச்சு 312ல முடியும், ஊலேகிட்ட குடுத்து வைங்க, உளுந்துக் கணக்குக்காரருக்குன்னு சொன்னா போதும்.